மூன்று ஓலைகளும் ஒரு பாட்டும்

சாந்தோம், சென்னை
நவம்பர் 16

அன்புள்ள ஷெல்டனுக்கு,

ஜொவிட்டா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நானும் குழந்தையும் நலம். உங்கள் நலம் உங்கள் அம்மா சொல்லித்தான் தெரிகிறது. என் எண்ணை நீங்கள் பிளாக் செய்து இன்றோடு முப்பத்தொன்பது நாள். அகஸ்டின் அண்ணன் லீவு முடிந்து தோஹா வருகிறார். இந்தக் கவரை உங்கள் கையில்தான் கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

தம்பி ஐந்து கிலோவைத் தொட்டுவிட்டான். தடுப்பூசி போட்டதில் இரண்டு நாள் காய்ச்சல், இப்போது சரி. பாலுக்கு அழுதால் தெருவே எழுந்துவிடும். பிடிவாதத்தில் உங்களை உரித்து வைத்திருக்கிறான்.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஃபிரெட்ரிக் நம் கோவில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்தவன். என்னைவிட நாலு வயது சின்னவன், அன்றும் இன்றும் எனக்கு அக்கா என்பதைத் தவிர வேறு வார்த்தை சொன்னதில்லை. நம் கல்யாணத்துக்குக் கோவிலில் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசித்தார்கள். தடை இருப்பவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் மூன்று முறையும் கேட்டார். ஃபிரெட்ரிக் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தான், ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை. இதைத்தான் எனக்குச் சாட்சியாக நம்பியிருந்தேன்.

இப்போது ஊரெல்லாம் கேட்கிற அந்தப் பாட்டில் அவன் என்ன பாடுகிறான்? “மூணு ஓலை முடிஞ்சுபோச்சு ஜொவிட்டா, மூச்சுக்கூட விடலியே நான் ஜொவிட்டா.” பாட்டு பிறந்த கதை என்ன என்று பேட்டியில் கேட்டதற்கு, காதலித்த பெண்ணின் ஓலையை வாசிக்கக் கேட்டுக்கொண்டு வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன் என்று கண்ணைத் துடைத்திருக்கிறான். அவன் பேசாததும் எனக்கு எதிராகிவிட்டது.

அபிராமபுரத்தில் அவன் ஸ்டுடியோவுக்கு ஈவ்லினைக் கூட்டிக்கொண்டு போனேன். என் தங்கை கூட வந்திருக்கிறாள் என்றும் பார்க்காமல் காலில் விழப் போனான். மெட்டு முதலில் வந்ததாம், அதற்கு மூன்று எழுத்துப் பெயர் எதுவும் உட்காரவில்லையாம்.

“உங்க பேரு கரெக்டா உக்காந்துச்சுக்கா. பேட்டில கதை கேட்டாங்க, சொல்லிட்டேன். இப்ப அதெல்லாம் பொய்னு சொன்னா பாட்டு செத்துடும்கா, இன்னா பண்றது?”

அதைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அறைந்திருக்க வேண்டும். கை வரவில்லை.

அடுத்து ஒரு முட்டாள்தனம் செய்தேன். யூடியூபில் அந்தப் பாட்டு வீடியோவின் கீழே, நான்தான் அந்த ஜொவிட்டா, இது கட்டுக்கதை என்று எழுதினேன். பாவம், இன்னும் அவனை மறக்கவில்லை என்று ஆயிரக்கணக்கில் பதில். பாட்டை வெளியிட்ட கம்பெனிக்காரர்கள் என் வரிகளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

அந்த வீடியோவின் கடைசிக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாணமான பெண் கைக்குழந்தையோடு கடற்கரையில் நிற்கிறாள், ஃபிரெட்ரிக் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு நடந்துபோகிறான். யாரோ டைரக்டருக்குத் தோன்றியது. அது வெளிவந்த வாரத்தில்தான் நம் பிள்ளை பிறந்தான். அதற்கு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

நீங்கள் விமானம் ஏறியது ஜனவரி எட்டு. பிள்ளை பிறந்தது செப்டம்பர் இருபது. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான், இதை உங்களுக்கு எழுதிக் காட்டக் கூசுகிறது. போன வாரம் உங்கள் அம்மா ஆதம்பாக்கத்திலிருந்து வந்தார்கள். பழம், குட்டிச் சட்டை எல்லாம் கொண்டு வந்தார்கள். குழந்தையைத் தூக்கவில்லை. போகும்போது, ஒரு டெஸ்ட் எடுத்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்கள். நீங்கள்தான் அவர்களை அப்படிச் சொல்லச் சொன்னீர்களா என்று நான் கேட்கவில்லை. பயமாக இருந்தது.

டெஸ்ட்டுக்குப் பயமில்லை. ஆனால் அந்தத் தாளைப் பார்த்த பிறகு வருகிற ஷெல்டனை நான் எந்த முகத்தோடு உள்ளே கூப்பிடுவேன்?

இன்னொன்றையும் மறைக்க மனமில்லை. அது நல்ல பாட்டு. பக்கத்து வீட்டு டிவியில் அது வந்தால் தம்பி அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்கிறான். பிள்ளையை எப்படித் திட்டுவது? நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறேன்.

ஞானஸ்நானத்தை இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று. ஃபாதர் இப்போதெல்லாம் கேட்கவே சங்கடப்படுகிறார். டிசம்பர் 28, ஞாயிறு, பத்து மணிப் பூசைக்குப் பிறகு என்று சொல்லிவிட்டேன். பிள்ளைக்கு என்ன பெயர் என்பதை உங்களுக்காக விட்டு வைத்திருக்கிறேன். பதிவேட்டில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயரைத்தான் எழுதச் சொல்வேன். அதற்கு உங்கள் அனுமதியைக் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து நில்லுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

ஆண்டவர் உங்களைக் காக்கட்டும்.

உங்கள் மனைவி,
ஜொவிட்டா