நீங்கள் அடித்த டெனர் பாகம்

நீங்கள் கண்மூடிய பிறகு கணினி மேல் நான் போர்த்தி வைத்த பழைய திரைத்துணியை இன்று எடுத்தேன். கீபோர்டில் இன்னும் உங்கள் நீலகிரித் தைலம்தான் மணக்கிறது. தைலக் கையோடு அதைத் தொடாதீர்கள் என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்! இன்று தும்மிக்கொண்டே அதை முகர்ந்து உட்கார்ந்திருந்தேன். நம் சர்ச் பாடகர் குழுவில், அதான் கொயரில், புதிதாகச் சேர்ந்தவருக்கு ஆண்களின் மேல்குரலான உங்கள் டெனர் பாகம் வேண்டுமாம்.

நம் இரும்புலியூர் சர்ச்சில் யாருக்கும் நோட்டேஷன் படிக்கத் தெரியாது. ஒவ்வொருவர் பாகத்தையும் நீங்கள் பாடிக்காட்ட, அவர்கள் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொள்வார்கள். தொண்டையில் ஆபரேஷன் ஆனபின் உங்களுக்கு மிஞ்சியது ஒரு கிசுகிசுப்பு மட்டும். “பாட முடியாதவனுக்குக் கொயர்ல என்ன வேலை?” என்று கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டீர்கள். அங்கே தனியாக உங்களைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஏதோ ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில்தான் அந்த மென்பொருள் கிடைத்தது. ராகத்தை ஆங்கில எழுத்துகளாக அடித்தால் வாசித்துக் காட்டும். எழுத்து ஸ்வரம், பக்கத்தில் போடும் எண் அதன் நீளம், இஸட் என்றால் மௌனம். மறைமலை நகரில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஒற்றை விரலால் தட்ட ஆரம்பிப்பீர்கள், காபி ஆறிப்போகும். நான்கு குரலும் சேர்ந்து முதன்முதலாக ஒலித்தபோது காலிங் பெல் மாதிரிதான் இருந்தது. ஆனாலும் நீங்கள் அழுதீர்கள், நானும் அழுதேன்.

கிறிஸ்துமஸ் பயிற்சிக்கு எல்லோரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய ஸ்பீக்கரோடு சேர்ந்து பாடினார்கள். பாதிப் பாட்டிலேயே எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. அடிக்குரல் பாடும் துரை அண்ணன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“இன்னா சார் இது, மூச்சே வுடாம போய்கினே கீது! நாங்க இன்னா மிஷினா?”

செல்வி அக்கா சிரித்துச் சிரித்து இருமினார். நீங்கள் தலையில் கைவைத்துக்கொண்டீர்கள். வருஷக்கணக்காகப் பாடிய மனிதர், மூச்சுக்கு இடம் விட மறந்திருந்தீர்கள்! பாடும்போது அது தானாக வந்ததால் அதைப்பற்றி யோசித்ததே இல்லை.

பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மௌனம் அடித்தீர்கள். “செல்விக்கு வீசிங், இங்க வாங்கிக்கட்டும். துரைக்கு இங்க. எப்பவும் வாயில போட்டிருக்கற மிட்டாயை ஓரம் தள்ளணுமில்ல?” என்று கிசுகிசுத்தது இப்போதும் காதில் இருக்கிறது. அடுத்த பயிற்சியில் பாட்டு ஒழுங்காக வந்தது. துரை அண்ணன்தான் கடைசி பெஞ்சுக்கு வந்து, “சார், நீ முன்னால நின்னு கைய ஆட்டு. அப்பத்தான் எங்களுக்கு வரும்” என்று உங்களை இழுத்துப்போனார். அந்தக் கிறிஸ்துமஸில் உங்கள் முகத்தைப் பார்த்தேனே, அது போதும் எனக்கு.

சாயங்காலம் புதியவர் வந்தார். நல்ல குரல், நல்ல மூச்சு. உங்கள் பாகத்தைப் போட்டுக் காட்டினேன்.

“அக்கா, மூணாவது வரி நடுவுல ஒரு கேப் வருதே, தப்பா அடிச்சிட்டாங்களா? நான் ஒரே மூச்சுல பாடிடுவேன். எடுத்துடுங்களேன்.”

அங்கே ஓர் இஸட் இருந்தது. நம் கொயரில் டெனர் பாடியது நீங்கள் ஒருவர்தான். நீங்கள் அந்த இடத்தில்தான் மூச்சு வாங்குவீர்கள். பக்கத்தில் நின்று பாடிய எனக்குத் தெரியாதா? குரலே போனபிறகு உட்கார்ந்து உங்களுக்கும் மூச்சு அடித்து வைத்திருக்கிறீர்கள். மறுபடியும் பாடிவிடலாம் என்றா நினைத்தீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

அவருக்குக் கொடுத்த நகலில் அதை எடுத்துவிட்டேன். அவர் பாடட்டும். நம் கணினியில் இருப்பதைத் தொடவில்லை. அவர் போனபின் கதவைச் சாத்திவிட்டு, உங்கள் பாகத்தை மட்டும் ஓடவிட்டேன்.

மூன்றாவது வரியில் நீங்கள் மூச்சு வாங்கினீர்கள்.