சாமான் வரிசையில் ஒரு நீராவி எஞ்சின்

8 ஜூன் 2025, ஞாயிறு

ரப்பர் பலகை வந்துவிட்டது. மறுநடவுக்காக லாபு ஊரில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் வெட்டிய மரங்களில் ஒன்று. அர்ச்சுனன் மரவாடியில் அறுத்து வாங்கி டிராக்டரில் போட்டுக் கொண்டுவந்தான். அப்பச்சியின், அதாவது என் அப்பாவின், தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன். என் வயதுதான்.

"கடையில போனா அழகா பலகை விக்கிறான்லா. இதுக்கு ஏன் இவ்ளோ பாடு?"

"எங்க மரத்துலதான் வேணும்."

"உங்க மரம். சரி. பால் எடுத்தது எங்க ஆளுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். என்னால் சிரிக்க முடியவில்லை. அவன் சொன்னது சரி.

முன்பு ரப்பர் ஷீட் அடுக்கிவைத்த பழைய ஸ்டோர்தான் என் பட்டறை. இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் இங்கே போயிருக்கின்றன. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் முடிந்தது. செம்பு பாய்லரும் முடிந்தது. இரண்டையும் ஒரே பலகையில் உட்கார வைத்துக் குழாயால் இணைக்க வேண்டும். அது வரை இவை தனித்தனிப் பொருள்கள். பெயர் இல்லாதவை.

10 ஜூன்

ரகுநாத் வாட்ஸ்அப்பில்: "மூணாவது ரூம் சாமி ரூமா இருக்கட்டும்னு அம்மா சொல்றாங்க. உன் லேத், எஞ்சின் எல்லாம் தோட்டத்துலயே இருக்கட்டுமே?"

செப்டம்பரில் எங்கள் கல்யாணம். நீலாயில் மூன்று அறை வீடு, என் ஃபேக்டரிக்குப் பக்கம். வீடு பார்த்த அன்றே பேசிவிட்டோம், மூன்றாவது அறை என் பட்டறை என்று. பேசினோமா? நான் பேசினேன். அவன் ஜன்னலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

பதில் எழுதினேன்: "இல்லை."

15 ஜூன், ஞாயிறு

இன்று எஞ்சின் பலகை ஏறியது.

முதலில் எஞ்சினை மட்டும் முடுக்க வேண்டும். பிறகு குழாயை இரு பக்கமும் தளர்வாக மாட்டி, பாய்லர் தானாக எங்கே நிற்கிறதோ அங்கே அடையாளம் வைக்க வேண்டும். பாய்லரை நம் விருப்பத்துக்கு வைத்துவிட்டுக் குழாயை இழுத்தால், குளிர்ந்திருக்கும்போது பொறுத்துக்கொள்ளும். சூடானால் கசியும்.

பாய்லரின் ஒரு காலுக்கு வட்டத் துளை. மறு காலுக்கு நீளத் துளை, சூட்டில் நீள்வதற்கு இடம். இதை உவமையாக்க மாட்டேன். இது உலோகம்.

பலகை காய்ந்துவிட்டதா? தகரக் கூரைக்கு அடியில் ஒரு வாரம் கிடந்தது. ஈரம் அளக்கும் மீட்டர் ஃபேக்டரியில் இருக்கிறது. நான் கொண்டுவரவில்லை. காயவில்லை என்று எண் சொல்லிவிடும் என்றுதான்.

22 ஜூன்

கோணிவிட்டது.

நடுவில் குழி, ஓரங்கள் தூக்கல். மேலே நீலக் கறுப்பில் பூஞ்சை. சக்கரத்தைச் சுற்றினால் பாதியில் இறுகுகிறது. குழாய் மூட்டில் கசிவு. ஒவ்வொன்றையும் சரியாகச் செய்தேன். ஈர மரத்தின் மேல் செய்தேன்.

"உங்க மரம்," என்றான் அர்ச்சுனன். இன்னும் சொல்லியிருக்கலாம்.

நான் மெக்கானிக்கல் படித்தவள். சொந்தக்காரர் யார் என்று பார்த்து மரம் காயாது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் எங்கள் மரம், எங்கள் மண் – இந்தப் பேச்சையெல்லாம் சாப்பாட்டு மேசையில் கேலி செய்கிறவள் நான்தானே?

29 ஜூன், ஞாயிறு

தெமியாங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை எட்டுப் பேருக்கானது. விருந்து என்றால் அதை நடுவில் பிரித்து ஒரு பலகையைச் செருகுவார்கள். மற்ற நாள்களில் அந்த நடுப்பலகை அலமாரிக்குப் பின்னால் நிற்கும். தேக்கு. முப்பது வருடமாகக் காய்ந்தது. கண்ணாடி மாதிரி மட்டம்.

அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள். இல்லை என்ற பிறகு எடுத்தால் அது திருட்டு. கேட்காமல் எடுத்தால் வெறும் எடுத்தல்.

துளைகள் போட்டாகிவிட்டது. தேக்கின் வாசனை கையை விட்டுப் போகவில்லை.

6 ஜூலை

ஓடியது.

12 ஜூலை, சனி

ஆடி பிறப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டாரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். காலையில் அம்மா அலமாரிக்குப் பின்னால் கையை விட்டாள்.

"நடுப்பலகை எங்கடி?"

"தோட்டத்துல."

"தோட்டத்துல அது என்ன பண்ணுது?"

"அது மேல எஞ்சின் இருக்கு."

"இறக்கி வச்சிட்டு எடுத்துட்டு வா. காரை எடு."

"துளை போட்டுட்டேம்மா."

அம்மா என்னைத் திட்டவில்லை. சமையலறைக்குப் போய் எதையோ மூடினாள். மூடி சத்தம் போட்டது.

ஆண்கள் முதலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெண்களுக்கு இடமில்லை. ரகுவின் அம்மா செல்லம்மை ஆச்சி சோபாவில் காத்திருந்தார். பசியோடு. சம்பந்தி வீட்டில்.

"உங்க மேசை பெரிசுன்னு சொன்னாங்களே?"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன். "பலகையை நான் எடுத்துட்டேன். எஞ்சின் வைக்க."

"அந்த எஞ்சினா? அந்த ரூம் சாமிக்குன்னு ரகு சொல்லலையா?"

"சொன்னாரு. நான் சரின்னு சொல்லல."

ஆச்சி அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "இருபத்தாறு வயசுல பொம்மைக்கு ஒரு ரூம் கேக்குது உங்க பொண்ணு. சாமி ஹால்ல நிக்கணுமாம்."

எல்லாருக்கும் கேட்டது. மேசையிலிருந்த ரகுவைப் பார்த்தேன். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

அவன் ரசம் கேட்டான்.

13 ஜூலை

அப்பச்சி: "கல்யாணம் நின்னு போனா?"

"போகட்டும் அப்பச்சி."

டிவி சத்தத்தைக் கூட்டினார்.

எழுதிப் பார்க்கிறேன். ரகுவை எனக்குப் பிடிக்கும். அந்த அறை இல்லாமல் ரகு வேண்டுமா? வேண்டாம். எழுதிய பிறகும் அது அப்படியேதான் நிற்கிறது.

மதியம் அம்மா தோட்டத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். பலகையைத் திருப்பிக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஸ்டோரில் ஸ்பிரிட் விளக்கைப் பற்ற வைத்தேன். ஆவி கூடி, சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டியதும் எஞ்சின் எடுத்துக்கொண்டது. அம்மா அதைப் பார்க்கவில்லை. பலகையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பொம்மைன்னாளே," என்றாள்.

நான் விளக்கின் திரியைக் கொஞ்சம் தணித்தேன்.

"இந்த மேசை எங்க அப்பச்சி பினாங்குல செஞ்சு எனக்குப் போட்டது. என் சாமானோட பரப்புனது. உங்க அப்பச்சி வீட்டு ஆளுங்களும் வந்து பாத்தாங்க. ஒருத்திகூட வேண்டாம்னு சொல்லல." விளக்கை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். "உன் சாமானோட இதையும் பரப்புறேன். யாரு வேண்டாம்ங்கிறான்னு பாப்போம்."

எங்கள் கல்யாணங்களில் பெண்ணுக்குத் தருவதையெல்லாம் மண்டபத்தில் பரப்பி வைப்பார்கள். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், பாய், தலையணை. இரண்டு பக்கத்துச் சனமும் சுற்றி வந்து பார்க்கும். பார்த்துவிட்டால் அது பெண்ணுடையது. அவள் போகிற வீட்டுக்கு அதுவும் போகும். வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டுக்கு வாய் கிடையாது.

இந்த வழக்கத்தைக் கிழித்து நான் பல்கலைக்கழக இதழில் கட்டுரை எழுதியிருக்கிறேன். ஒரு வரியையும் திரும்பப் பெறவில்லை. இந்த ஒரு முறை வழக்கம் எனக்கு வேலை செய்யட்டும்.

20 ஜூலை, ஞாயிறு

ஆடியில் நாங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளக் கூடாதாம். ரகு வந்தான். லாபு சாலையில் வழி தவறி, அர்ச்சுனனின் டிராக்டருக்குப் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு.

எஞ்சினை ரொம்ப நேரம் குனிந்து பார்த்தான். "இந்தக் காலுக்கு மட்டும் ஏன் துளை நீளமா இருக்கு?"

சொன்னேன். தலையாட்டினான். பிறகு, "நான் அம்மாகிட்ட பேசறேன்."

"எப்ப?"

"பேசறேன்லா."

"அன்னிக்கு ரசம் கேட்ட வாய்தானே?"

அவன் காது சிவந்துவிட்டது. வெளியே அர்ச்சுனன் இருமினான். இருமல் இல்லை அது.

3 ஆகஸ்ட்

பேசவில்லை.

17 ஆகஸ்ட்

பேசவில்லை. நான் பலகைக்கு மூன்றாம் முறை வார்னிஷ் அடித்தேன். பர்னருக்கு அடியில் தேக்கு கருகாமல் இருக்கத் தகடு வைத்தாயிற்று.

அப்பச்சி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "லாரியில கடைசியா ஏத்திக்கலாம். ஓரமா வச்சா யாரு கண்ணுலயும் படாது."

"படணும் அப்பச்சி."

6 செப்டம்பர்

நேற்று முன்தினம் கல்யாணம். இப்போதுதான் உட்கார முடிகிறது.

அம்மா அதை ஓரத்தில் வைக்கவில்லை. வெள்ளிக் குடங்களுக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவில் சிவப்புப் பட்டு விரித்து வைத்தாள். பாய்லரில் விளக்குகள் தெரிந்தன. சனம் வரிசையாக வந்தது. அந்த இடத்தில் வரிசை நின்றது.

ரகுவின் சித்தப்பா: "இது ஓடுமா? ஒரு தரம் ஓட்டிக் காட்டேன்."

"ஓடும். இப்ப ஓட்ட மாட்டேன்."

"ஏம்மா?"

"வெள்ளிக் குடத்துல யாரையும் தண்ணி மொண்டு காட்டச் சொல்லலையே."

யாரோ சிரித்தார்கள். ஓட்டிக் காட்டினால் அது வேடிக்கை. ஓட்டாமல் வைத்தால் அது சாமான். இதை முன்கூட்டியே யோசித்து வைக்கவில்லை. வாயில் வந்தது.

பிறகு செல்லம்மை ஆச்சி வந்தார். கழுத்து நிறைய நகை, பின்னால் அவர் பக்கத்துப் பெண்கள். நின்றார். அம்மா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அபிராமியோட சாமான் ஆச்சி."

ஆச்சி எஞ்சினைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பின்னால் நின்ற சனத்தையும் பார்த்தார். பிறகு குனிந்து, பலகையை விரல் கணுவால் தட்டினார்.

"தேக்கா?"

"தேக்கு."

அண்டாவைப் பார்க்க நகர்ந்துவிட்டார்.

22 செப்டம்பர், நீலாய்

நான் ஃபேக்டரியிலிருந்து வந்தபோது ஹாலின் கிழக்குச் சுவரில் ஓர் அலமாரி. ரகுவே அடித்திருக்கிறான். கோணல். சாமி படங்கள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து நின்றன.

பேசினாயா என்று கேட்கவில்லை. மட்டம் பார்க்கும் லெவலை எடுத்துவந்து கொடுத்தேன். ஆணியைக் கழற்றி மறுபடி அடித்தான்.

16 நவம்பர், ஞாயிறு

காலையில் மூன்றாவது அறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது எஞ்சினுக்குப் பித்தளை கடைந்துகொண்டிருந்தேன். செல்லம்மை ஆச்சி வந்தது கேட்கவில்லை. முதல் முறை வருகிறார். ஹாலில் அலமாரியைக் கும்பிட்டாராம். ரகு பிறகு சொன்னான்.

நிமிர்ந்தால், அறை வாசலில் நிற்கிறார். நிலைக்கு வெளியே.

"உள்ள வரலாமா?"

லேத்தை நிறுத்தினேன். அது சுற்றி ஓய கொஞ்ச நேரம் எடுக்கும். அவர் காத்திருந்தார்.

"வாங்க அயித்தை. செருப்பு போட்டுக்கிட்டு வாங்க. கீழ பித்தளைச் சுருள் கிடக்கு, கால்ல ஏறிரும்."

வீட்டுக்குள் செருப்பா என்பதுபோல் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வெளியே போய், ரகுவின் ரப்பர் ஜப்பான் செருப்பை மாட்டிக்கொண்டு, புடவையைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தார்.