பாலிசி படிக்கப் போனவருக்கு

சுள்ளிக்கல் முக்கில் உள்ள ஜெராக்ஸ் கடையில் இன்று காலை நின்றிருந்தேன். உங்கள் அலுவலகத்தில் கேட்ட காகிதங்களை நகல் எடுக்க வேண்டியிருந்தது. இயந்திரத்திலிருந்து வந்து விழுந்த தாள்களைக் கடைக்காரர் தட்டிச் சேர்த்துக் கையில் கொடுத்தார். தாள்கள் சூடாக இருந்தன. அந்தச் சூட்டோடு ஒரு வாசனை எழும்புமல்லவா, மைப்பொடி லேசாகக் கருகியதுபோல, அது மூக்கில் ஏறியதும் நகர மறந்து நின்றுவிட்டேன்.

“எந்தா சேச்சி, கோப்பி தெளிஞ்ஞில்லே?” என்றார் கடைக்காரர்.

“தெளிவாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நம் கல்யாணத்துக்குப் பிறகு மூன்று நான்கு வருடங்கள், மழை ஓய்ந்து காற்று காயத் தொடங்கினால் போதும், வீடு முழுக்க இந்த வாசனைதான். மார்க் ஷீட் நகல், சர்ட்டிபிகேட் நகல், ஒவ்வோர் உறைக்கும் ஒரு கட்டு. எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்திருப்பீர்கள். எனக்கு உட்கார இடம் இருக்காது. மற்ற வீடுகளில் பருவம் வந்தால் மாங்காயை உப்பில் போடுவார்கள். நம் வீட்டில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போடுவோம்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்குச் சிரமம்தான். கொச்சியிலேயே பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவர். கல்யாணத்துக்கு முன்பு கோவில்பட்டியிலிருந்து நான் எழுதிய கடிதத்தை ஒரு வாரம் வைத்துப் படித்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். இதையும் அப்படியே படியுங்கள். எனக்கும் இப்போது அவசரம் ஒன்றுமில்லை.

அது எப்படித் தொடங்கியது என்று நினைவிருக்கிறதா? உங்கள் அப்பா மாநகராட்சியில் தெருத் துப்புரவு வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். வாரிசு என்று அதே அலுவலகத்தில் உங்களுக்குக் கிளார்க் வேலை கிடைத்தது. வேலை பார்த்துக்கொண்டே எம்.ஏ. வரைக்கும் படித்தீர்கள். நான் கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த வருடம், கடன் கொடுத்துக் குடிநீர்க் குழாய் போடும் ஒரு திட்டத்துக்காக வெளிநாட்டிலிருந்து சிலர் வந்தார்கள். ஆங்கிலம் பேசுவீர்கள் என்று உங்களை அவர்களுக்கு வழிகாட்ட அனுப்பினார்கள். மிளகும் சுக்கும் ஏற்றிய லாரிகளுக்கு நடுவே சந்து சந்தாக அழைத்துப் போயிருக்கிறீர்கள். நம் சந்துக்குக் குழாய் எந்த வழியாக வரும் என்று நீங்கள் கேட்டதற்கு, அதெல்லாம் எங்கள் ஊரிலேயே முடிவாகிவிட்டது என்று அவர்களில் ஒருவர் வரைபடத்தை விரித்தாராம்.

அன்று சாயங்காலம் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்து சொன்னீர்கள்.

“எடி, அந்தப் படத்துல நம்ம சந்தே இல்ல.”

“இல்லேன்னா நீங்க வரைஞ்சு குடுக்க வேண்டியதுதானே?”

“வரையற மேசை இங்க இல்லடி. அங்கல்லே இருக்கு. அங்க போயி உக்காரணும்.”

நான் சாயா போட உள்ளே போய்விட்டேன். நீங்கள் விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்.

பொதுக்கொள்கையும் சர்வதேச உறவும் என்று அந்தப் படிப்புக்குப் பெயர். நம் ஆட்களுக்கு அதில் ‘பாலிசி’ என்ற ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. என் அண்ணன் கேட்டான்: “இன்ஷூரன்ஸ் பாலிசி விக்கிறதுக்கு அமெரிக்காவுல போயா படிக்கணும் மாப்ள?” நீங்கள் முகம் மாறாமல், “ஆமா மச்சான், அங்க கமிஷன் கூடுதல்” என்றீர்கள். அவன் அதை நம்பிக்கொண்டு ஊரெல்லாம் சொன்னான்.

முதல் வருடம் எல்லா இடத்திலும் இல்லை என்றுவிட்டார்கள். அடுத்த வருடம் ஓரிடத்தில் இடம் உண்டு, உதவித்தொகை கிடையாது என்றார்கள். அதுவும் இல்லை என்பதேதான். உறை மெலிதாக இருந்தால் என்ன அர்த்தம் என்று நம் தபால்காரருக்கே பழகிவிட்டது. என் கையில் கொடுத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைத் திருப்பிக்கொள்வார். நீங்கள் பிரித்துப் படித்து, மடித்து, அலமாரி மேல் வைத்துவிட்டு, “செரி, சோறு போடு” என்பீர்கள். கோபமோ அழுகையோ வந்திருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வாய்த்திருக்கும். உங்களுக்கு எதுவும் வரவில்லை. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு அலுத்துப்போனது.

மூன்றாவது தடவை போடப்போகிறேன் என்றபோது, வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அந்த வாரம் ஆலுவாயிலிருந்து நீங்கள் திரும்பி வந்த கோலத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். உங்களுக்குக் கல்லூரியில் பாடம் எடுத்தவர் அங்கே ஓய்வுபெற்று இருந்தார். சிபாரிசுக் கடிதம் கேட்டுப் போயிருந்தீர்கள். கண் தெரியவில்லை, நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன் என்று அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு வரி வரவில்லை.

“என்னைப் பத்தி நான் எப்படி எழுதறது? வெட்கமா இருக்கு எடி.”

“நான் சொல்றேன், எழுதுங்க. கோபம் வந்தா சத்தம் போட மாட்டார். சாப்பிடாம இருப்பார்.”

“அதையெல்லாம் எழுத முடியாது.”

“ஒருத்தர் பேசும்போது குறுக்கே பேச மாட்டார். பஸ்ல இடம் கிடைச்சாலும் யாராவது வருவாங்கன்னு பாதி சீட்லதான் உக்காருவார். தப்புன்னு தெரிஞ்சா மேலதிகாரியா இருந்தாலும் திரும்பத் திரும்பக் கேப்பார். திட்டினாலும் மறுநாள் போயிக் கேப்பார்.”

நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தீர்கள். எனக்கு விக்கல் வருகிற அளவுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில், “மதி, மதி, போதும். இனி எழுதினா பொய்யாயிடும்” என்று பேனாவை மூடினீர்கள். எல்லாம் உண்மை என்று நான் சொன்னதை நீங்கள் காதில் வாங்கவில்லை.

அந்தத் தடவைதான் ஓரிடத்திலிருந்து போனில் பேசுவார்கள் என்று தகவல் வந்தது. நம் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு ஃபாத்திமா இத்தா தன் வீட்டுக்கு வந்து பேசச் சொன்னாள். வயிற்றில் ஏழு மாதத்தோடு நானும் துணைக்கு வந்து அவள் கூடத்தில் உட்கார்ந்தேன். அங்கே காலை, இங்கே பொழுது சாய்கிற நேரம். போன் வந்தது. ஒரு அம்மாள் பேசினாள். நீங்கள் எழுந்து நின்றுகொண்டே பதில் சொன்னீர்கள்.

சரியாக அப்போதுதான் தண்ணீர் லாரி வந்தது. அதற்கு முந்தின இரண்டு நாளும் வரவில்லை. சந்து முழுக்கக் குடம் உருளும் சத்தம். “மோளே, வண்டி வந்நூ!” என்று கத்திக்கொண்டு இத்தா வெளியே ஓடினாள். நீங்கள் வாசலைப் பார்த்தீர்கள், என் வயிற்றைப் பார்த்தீர்கள். போனில் ஏதோ சொல்லிவிட்டு ரிசீவரை என் கையில் திணித்தீர்கள். “பேசிட்டிரு” என்று ஓடியே போய்விட்டீர்கள்.

தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ படித்தவள் நான். என்ன பேசுவேன்? “மேடம், நோ வாட்டர். நவ் கம்மிங். ஹஸ்பண்ட் பிரிங்கிங்” என்றேன். பிறகு அந்த அம்மாள் நிதானமாக, எனக்குப் புரிய வேண்டுமென்று, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். உங்கள் கணவர் பேஷன்ட்டான மனிதரா என்று. நோயாளி என்று நினைத்து இடம் தராமல் விட்டுவிட்டால்? “நோ நோ மேடம்! நாட் பேஷன்ட்! ஹெல்த் வெரி குட்!” என்று அழுத்திச் சொன்னேன்.

நனைந்த வேட்டியோடு நீங்கள் திரும்பி வந்து போனை வாங்கியபோது அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னேன் என்று கண்ணால் கேட்டீர்கள். நான் சுவரைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்டதெல்லாம் அந்த லாரியைப் பற்றித்தானாம். எப்போது வரும் என்று யார் முடிவு செய்கிறார்கள், வராவிட்டால் யாரிடம் கேட்பீர்கள். நீங்கள் அதுவரை ஒரு நாளும் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அங்கிருந்து தடித்த உறை வந்தது. மோள் பிறந்து அவளுக்குக் கழுத்து நின்ற சமயத்தில் நீங்கள் புறப்பட்டீர்கள். இரண்டு வருடம். சம்பளமில்லாத விடுப்பு, லாரித் தண்ணீர், குழந்தைக்குக் காய்ச்சல், எல்லாம் இங்கே. அதைப் பற்றி இப்போது குறை சொல்லவில்லை. ஒரு நினைப்பு என்னைத் தாங்கியிருந்தது. இது நம்மை இங்கிருந்து வெளியே எடுக்கும் என்ற நினைப்பு. படிப்பு முடியும் சமயத்தில் போனில், “ஜெனீவாவுல ஒரு வேலை வரும் போல. நீயும் மோளும் வரலாம்” என்றீர்கள். மறுநாளே எர்ணாகுளம் போய்க் குழந்தைக்குக் கம்பளிச் சட்டை வாங்கினேன். கொச்சிப் புழுக்கத்தில் அதைப் போட்டுப் பார்த்து அவள் வீறிட்டு அழுதாள்.

அடுத்த போனில் திரும்பி வருவதாகச் சொன்னீர்கள்.

“அங்க இருந்தும் படம் வரையலாம் எடி. ஆனா சந்து எப்படி இருந்துச்சுன்னு மறந்து போயிடும்.”

“எனக்கு மறக்கணும்ங்க. மறக்கறதுக்காகத்தான் இவ்வளவு நாள் இருந்தேன்.”

நீங்கள் வந்துவிட்டீர்கள்.

வந்தவருக்கு அதே அலுவலகம், அதே கிளார்க் நாற்காலி. பிறப்பு இறப்புப் பதிவு ஜன்னலில் உட்கார வைத்தார்கள். அமெரிக்காவில் படித்தவர் ‘குழந்தையின் பெயர் என்ன, இறந்தவர் வயது என்ன’ என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாள் சோற்றை வைத்துவிட்டு நான் கேட்டேவிட்டேன்.

“இதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க?”

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னீர்கள்: “அங்க போயி ஒண்ணு கண்டேன். முடிவு எடுக்கறவங்க கெட்டவங்க ஒண்ணும் இல்ல. களைச்சுப் போனவங்க. முன்னாடி வைக்காத விஷயம் அவங்களுக்கு உலகத்துலயே இல்ல. யாராவது கொண்டுபோயி வச்சுட்டே இருக்கணும்.”

“நீங்க களைச்சுப் போக மாட்டீங்களா?”

“இப்பவே களைச்சுதான் இருக்கேன்” என்று சிரித்தீர்கள்.

கொண்டுபோய் வைத்தீர்கள். வேலை முடிந்ததும் படகேறி எர்ணாகுளம் போவீர்கள். இந்தக் கூட்டம், அந்த அதிகாரி. திட்டம் எந்தக் கட்டத்தில் எந்த மேசையில் திருத்தப்படும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த மேசைக்கு அந்தந்தச் சமயத்தில் போய் நிற்பீர்கள். திட்டுவார்கள். மறுபடியும் போவீர்கள். ஒரு கோடையில் நம் சந்தில் குழாய்க்குப் பள்ளம் தோண்டினார்கள். நூல்போலத் தண்ணீர் வந்தது, அதுவும் ஒன்றுவிட்டு ஒரு நாள். ஃபாத்திமா இத்தா குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதாள். இது உங்களால் வந்தது என்று யாரும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து நின்று பார்த்துவிட்டு, படுக்கணும் என்று உள்ளே வந்துவிட்டீர்கள். அன்று உங்கள் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி போயிற்று. மீதி இப்போதும் இருக்கிறது. அதை உங்களிடம் மறைப்பானேன்?

போன மழைக்காலத்தில் ஒரு கூட்டம் முடிந்து படகில் வந்தவர், மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் எல்லோரும் இறங்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறீர்கள் என்று நினைத்துப் படகுக்காரர் தோளைத் தொட்டிருக்கிறார். இதயமாம். ஹெல்த் வெரி குட் என்று கடல் தாண்டிச் சொன்னவள் நான்தான்.

இன்று எடுத்த நகல்கள் எதற்கென்று இன்னும் சொல்லவில்லை. வாரிசு என்று உங்கள் வேலையை எனக்குத் தருகிறார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். கோவில்பட்டிக்கு வந்துவிடு என்று அண்ணன் கூப்பிட்டான். மோள் வரமாட்டேன் என்கிறாள். அவள் பள்ளிக்கூடம், அவள் பாஷை, அவள் சிநேகிதிகள் எல்லாம் இங்கே. இந்த ஊரை மறக்க வேண்டுமென்றிருந்தவள் இனி இந்த ஊரில் யார் பிறந்தார்கள், யார் போனார்கள் என்று எழுதப்போகிறேன். மலையாளம் எழுத வேண்டும் என்றார்கள். தினமும் பள்ளிவிட்டு வந்து மோள் சொல்லித்தருகிறாள். அடிக்காத குறைதான்.

எனக்குத் தைரியம் அதிகம் என்று இத்தா எல்லோரிடமும் சொல்லித் திரிகிறாள். அவளுக்கு என்ன தெரியும்? காலையில் எழும்போதே உடம்பு ஓய்ந்துதான் இருக்கிறது. ஓய்ந்த உடம்போடு குளித்து, உடுத்தி, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் ஒரு பழக்கம் உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். நீல நிறப் பருத்திப் புடவையைக் கஞ்சி போட்டு மொட்டை மாடிக் கொடியில் காயப்போட்டிருக்கிறேன். மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. போய் எடுக்க வேண்டும்.