தெளிவாகத்தானே கேட்டேன்

மார்ச் 4

கர்த்தருக்குள் அன்பான மருமகளுக்கு,

போனில் ஆளுக்கொரு பக்கம் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம். ஒரு சேதியும் போய்ச் சேருவதில்லை. அதனால் எழுதுகிறேன். ‘நான் சுகம்’ என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வார்த்தையின் மேலேயே இப்போது எனக்குக் கோபம்.

வியாழக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம் நம் வீட்டில். தையல் மெஷினை ஓரங்கட்டிவிட்டு நாற்காலிகளைப் போட்டிருந்தேன். கண்ணை மூடி ஒவ்வொருவருக்காகவும் சொல்லிக்கொண்டே வந்தவள், பழக்கதோஷத்தில், “என் மகனோட கிட்னியைத் தொட்டு சுகம் தாரும் ஆண்டவரே” என்று சொல்லிவிட்டேன். உன் புருஷனுக்காக இரண்டு வருடம் அதையே சொன்ன வாய். அவனை அடக்கம் பண்ணியாகிவிட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதைவிடக் கூத்து, அத்தனை பேரும் ஒரே குரலில் “ஆமென்” என்றார்கள். அப்புறம் யாரும் கண்ணைத் திறக்கவில்லை. பேக்கரிக்காரம்மா மட்டும் களுக்கென்று சிரித்து, உடனே அழுதுவிட்டாள். நானும் சிரித்தேன் கண்ணு. வெட்கமாக இருந்தது.

போதகரிடம் சொன்னேன். “அவருக்குப் பரலோகத்துல பூரண சுகம் கிடைச்சிருச்சும்மா” என்றார். நல்ல மனுஷன், ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் நான் தெளிவாகத்தானே கேட்டேன்? இந்த வீட்டில், இந்தக் கட்டிலில் என்று கேட்டேனே. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. அதற்கும் நன்றி சொல் என்றால் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நீ ஆலயத்துக்குப் போகிறாயா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? முதல் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டாலும் இரண்டாவதற்காவது எழுது.

அத்தை

மார்ச் 13

அன்புள்ள அத்தைக்கு,

சாப்பிடுகிறேன். கண்ணாடிக் கடையில் மதியம் எல்லாரும் ஒன்றாகத்தான் உட்காருகிறோம். என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்து ஆளுக்கொரு நொட்டை சொல்வார்கள். நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா” என்று வருகிறவர்களைக் கேட்கிற வேலை. எனக்கு எதைப் போட்டாலும் மங்கலாகத்தான் தெரியும் போலிருக்கிறது.

ஆலயத்துக்கு ஒருமுறை போனேன். கர்த்தர் நல்லவர் என்று எல்லாரும் சொன்னபோது எனக்கு வாய் வரவில்லை, எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு மனசுக்குள் ஒரே சண்டை. உங்கள் மகனோடு இல்லை, ஆண்டவரோடு. பஸ்ஸைக்கூட விட்டுவிட்டேன். ஆண்டவரே இல்லை என்றால், இல்லாத ஒருவரோடு யாராவது அப்படிச் சண்டை போடுவார்களா அத்தை? அதுதான் என் குழப்பம்.

உங்கள் மேலும் கோபம் இருக்கிறது. எழுதிவிடுகிறேன். டாக்டரின் முகத்தைப் பார்த்தபோதே இனி தேற வழியில்லை என்று எனக்கும் உங்கள் மகனுக்கும் தெரிந்துவிட்டது. “விசுவாசியுங்க, சுகமாயிடும்” என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் மனசு நோகக் கூடாதே என்று இரண்டு பேரும் நம்புகிற மாதிரியே இருந்துவிட்டோம். போய்வருகிறேன் என்று அவரும் சொல்லவில்லை, போய்வாருங்கள் என்று நானும் சொல்லவில்லை.

மருமகள்

மார்ச் 22

கண்ணு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன்.

இதற்கு நடுவில் இன்னொன்று. பேக்கரிக்காரம்மாவின் மகளுக்கும் அதே வியாதி. “அக்கா, நீங்கதான் வந்து ஜெபிக்கணும்” என்று வாசலில் நிற்கிறாள். பதில் வராத ஜெபத்துக்குப் பேர்போனவளையா கூப்பிடுவது? “வேற ஆளைப் பாரும்மா” என்றேன். “இது என்னன்னு வேற யாருக்குத் தெரியும்?” என்கிறாள்.

போனால் அந்தப் பிள்ளையும் எனக்காக நம்புகிற மாதிரி இருந்துவிடுமோ என்று பயம். போகாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. என்னதான் செய்யட்டும், நீயே சொல்.

அத்தை

மார்ச் 30

அத்தைக்கு,

போங்கள். ஆனால் சுகமாகிவிடும் என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல்லாதீர்கள். அவளைப் பேச விடுங்கள்.

மருமகள்

ஏப்ரல் 9

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

உன் கோபம் நியாயமானது. நான் அவனைப் போகவிடாமல் பிடித்துக்கொண்டதில் நீ விடைகொடுக்க வேண்டிய நேரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துவிடு என்று கேட்டால் உடனே மன்னித்துவிடுவாய், நீ அப்படிப்பட்டவள். அதனால் கேட்கவில்லை. கோபத்தோடேயே வீட்டுக்கு வா.

இன்றைக்குப் போனேன். பேக்கரிக்கு மேலே அவர்கள் வீடு. படியெல்லாம் மாவு. அம்மாக்காரியைக் கீழே கடையைப் பார்க்க அனுப்பிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளை கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு, “ஆன்ட்டி, பயமா இருக்கு. அம்மாகிட்ட சொல்ல முடியல” என்றாள். பயப்படாதே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, “எனக்கும் பயமாத்தான் இருக்கு” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் ஜெபித்தேன். கேட்டால் போதகர் என்ன சொல்வாரோ தெரியாது. “ஆண்டவரே, என் மகனுக்குச் செய்யாததை இந்தப் பிள்ளைக்குச் செஞ்சா எனக்கு உம்மமேல கோபம் வரும். வந்தா வரட்டும். செய்யும்” என்றேன்.

நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறாள். போவேன்.

அத்தை