எழுமலைக் கணக்கில் கூடிய ஒன்று

மாதா துணை
பசுமலை

அன்பு மகன் ஜூடுக்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, உன் தங்கை டயானாவின் கல்யாணத்துக்கு முன்பும் அது அப்படித்தான் இருந்தது என்பதால் புதிதாக வருத்தப்பட ஒன்றுமில்லை. வார்சாவில் குளிர் குறைந்ததா, சோறு பொங்குகிறாயா, காப்பியிலேயே காலம் தள்ளுகிறாயா என்று எழுது. உன் குடியிருப்பு அட்டை எப்போது கைக்கு வரும் என்று அந்த அரசாங்கம் வாய் திறந்ததா? கூடப்பிறந்தவள் கல்யாணத்துக்கு நீ வர முடியாததற்கு அந்த அட்டைதான் காரணம் என்று நான் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி, இப்போது நம் பங்குக் கோயிலில் பாதிப் பேர் உனக்காக ஜெபிக்கிறார்கள், மீதிப் பேர் நீ அங்கே எதிலோ மாட்டிக்கொண்டதாக நம்புகிறார்கள்.

நீ போனில் ஒரு வரி கேட்டிருந்தாய். கல்யாணத்தன்று சாயங்காலம், பந்தியெல்லாம் முடிந்த பிறகு, மாப்பிள்ளை ஊர் எழுமலையின் எண்ணிக்கை அறுபத்திரண்டிலிருந்து அறுபத்துமூன்றாக மாறியிருக்கிறது, யாராவது கைதவறி அழுத்திவிட்டார்களா, இல்லை நீ எழுதிய புரோகிராமில் பிழையா என்று. நான் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன், ஏனென்றால் உண்மையான பதில் போனுக்குள் அடங்காது. பிழை இல்லை, கைதவறவும் இல்லை. அதை எழுதத்தான் இந்தக் கடிதம். நீ வீடியோவில் பார்த்தது மேடையை. பந்தி நடந்த இடத்தை எவனும் காட்டியிருக்க மாட்டான்.

நேரில் வர முடியாதவன் கல்யாணத்துக்கு ஒரு வெப் சர்வீஸ் செய்து அனுப்புகிறேன் என்று நீ சொன்னபோது அப்பா பட்டுவேட்டிதான் எதிர்பார்த்திருந்தார். நானோ அதைப் பற்றி ஒரு அறிமுகப் புத்தகம் வாங்கிப் படித்தேன். இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவள், என் மகன் எதில் சம்பாதிக்கிறான் என்று தெரியாமலா இருப்பது? படிக்கப் படிக்க எனக்கு ஒரே ஆச்சரியம். இதை நம் திருச்சபை எத்தனையோ காலமாகச் செய்துகொண்டிருக்கிறதே! டயானாவுக்கு ஞானஸ்நானம் திண்டுக்கல்லில், கல்யாணம் இங்கே. நம் பங்குச் சாமியார் திண்டுக்கல் போய் அங்கிருக்கும் பீரோவைத் திறந்தாரா, இல்லை. இன்ன பெயர், இன்ன தேதி, சான்று தருக என்று வழக்கமான முறையில் ஒரு கடிதம், உறைபோட்டு முத்திரை வைத்து அனுப்பினார், அங்கிருந்து அதே முறையில் பதில் வந்தது. அவரவர் பதிவேடு அவரவர் பீரோவில், போய் வருவது கேள்வியும் பதிலும் மட்டும், இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட வடிவத்தில். உன் தொழில் இவ்வளவுதான் என்று தெரிந்ததும் எனக்குப் பெருமை கூடியதே தவிரக் குறையவில்லை.

இன்னும் கேள், அந்தக் கேள்வி பதிலை எழுத உங்கள் தொழிலில் இரண்டு வடிவம். எக்ஸ்எம்எல் என்பது ஒவ்வொரு விஷயத்துக்கும் முன்னால் ஒரு அடையாளம் திறந்து பின்னால் அதையே மூடி, உள்ளே ஒரு சொல்லை உட்காரவைக்கும், மேலிடத்துச் சுற்றறிக்கை மாதிரி. ஜேசன் என்பது பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு, வேலை முடிந்தது, நீ எங்களுக்கு அனுப்பும் செய்தி மாதிரி. நம் சமையல்காரர் ஜெயபாண்டியின் செயலி முதலாவதைத்தான் தின்னும், நீ அனுப்புவது இரண்டாவது, அதனால் நடுவில் மொழிபெயர்க்கவும் ஒன்று எழுதி வைத்தாய். பசுமலைப் பங்கு, ஒத்தக்கடை அத்தை வீட்டார், என் பள்ளிக்கூடத்து டீச்சர்கள், மாப்பிள்ளை ஊரான எழுமலை, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருவர் போனில் எண்ணிக்கையைப் போடவேண்டியது, அது தானாக ஜெயபாண்டியின் அடுப்படிக்குப் போய்விடும். போன் திரையிலிருக்கும் பெட்டிக்குள் எண்ணுக்குப் பதிலாக எழுத்தைப் போட்டால் வாங்காது என்று அதற்கு ஒரு விதிமுறையும் வைத்திருந்தாய். அத்தை "கொஞ்சப் பேருதான்" என்று எழுதிப் பார்த்திருக்கிறாள், அது வாங்கவில்லை, அன்றிலிருந்து உன்மேல் கோபமாக இருக்கிறாள், ஒரு போன் போட்டுவிடு.

எழுமலைக்கு எண்ணிக்கை போடும் பொறுப்பு மாப்பிள்ளை பாண்டியராஜனின் பெரியப்பா பேயாண்டிக்கு. ஊரில் அவர் வைத்ததுதான் பேச்சு. கல்யாணம் பேசப் போனபோது அவர் சொன்னது உனக்கு முழுதாகத் தெரியாது, டயானா சொல்லவேண்டாம் என்றாள். "பய கட்டிக்கிறட்டும், நாங்க குறுக்க நிக்கல. ஆனா வேதக்காரப் புள்ளையக் கட்டுனவன ஊரோட சேக்குறதா வேணாமாங்குறது வேற பேச்சு, அத அப்பறம் பாப்பம்" என்றார். அவர்களுக்குக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் வேதக்காரர்கள். சேர்க்கவில்லை என்றால் ஊர்க் கோயில் திருவிழாவில் அந்த வீட்டுக்குப் பங்கு இல்லை, நல்லது கெட்டதுக்கு அழைப்பு இல்லை, ஊருக்குள்ளேயே வெளியூர். உன் தங்கை அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் வந்தாள், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அப்புறம் எழுமலையிலிருந்து அறுபத்திரண்டு என்று வந்தது. அவ்வளவு பெரிய ஊரிலிருந்து அறுபத்திரண்டே பேரா என்று நாங்கள் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. வர மனமில்லை, மரியாதைக்கு நாலு பேரை அனுப்புகிறார்கள் என்று நாங்களே அர்த்தம் பண்ணிக்கொண்டோம். டயானா அந்த எண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கல்யாணத்தன்று நம் கோயிலில் பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்தால், வாசலில் எழுமலை பஸ் ஒன்று நிற்கிறது, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் திரும்ப இடமில்லாமல் இன்னும் இரண்டு. மேளத்தோடு மாப்பிள்ளையின் தாய்மாமன் சீர் வேறு வருகிறது, அரிசி மூட்டை, கத்தரிக்காய் கூடை, பூசணி, வாழைத்தார், கழுத்தில் மாலையோடு ஒரு கிடா. எனக்குக் கூட்டத்தைப் பார்த்துச் சந்தோஷம், ஜெயபாண்டிக்கு அதே கூட்டத்தைப் பார்த்துக் கலக்கம். "டீச்சரம்மா, இம்புட்டுச் சனத்துக்கு நான் உலை வைக்கலயே, மிஷின்ல அறுவத்திரண்டுன்னுல்ல வந்துச்சு" என்று கரண்டியோடு ஓடிவந்தார். இரண்டாவது பந்தியோடு பிரியாணி முடிந்தது. மூன்றாவது பந்தியில் உட்கார்ந்தவர்கள் பேயாண்டியும் அவர் ஊர்ச் சனமும். இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று, இலையில் ஊறுகாய் மட்டும் இருக்கிறது. "எங்கூரு ஆளுகளுக்கு மட்டும் எண்ணி வடிச்சீகளோ" என்று அவர் கேட்டது மேடைவரை கேட்டது. உன் அப்பா பதறிப்போய், உன் வெப் சர்வீஸில் வந்ததையெல்லாம் தாளில் அச்சடித்து வைத்திருந்தாரே, அதை எடுத்து நீட்டி, "அண்ணே, நீங்க அனுப்புனதுதான், அறுபத்திரண்டு" என்றார். "ஆமா, நாந்தான் போட்டேன். அறுவத்திரண்டு தலைக்கட்டு, இப்பவும் சொல்றேன், ஒண்ணு கூடல, ஒண்ணு கொறையல" என்றார் அவர்.

ஜூடு, விஷயம் புரிகிறதா? அந்த ஊரில் ஆளை எண்ணுவதில்லை. கல்யாணமான ஆம்பளை ஒருத்தன், அவன் பெண்டாட்டி பிள்ளைகள், வீட்டிலிருக்கிற பெரியவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு தலைக்கட்டு. திருவிழா வரி, கறிப் பங்கு, எல்லாம் அந்தக் கணக்கில்தான், அதில் அவர்கள் தப்புப் பண்ணினதே இல்லை. உன் பெட்டியின்மேல் "எண்ணிக்கை" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. எதன் எண்ணிக்கை என்று அது கேட்கவில்லை. எண்தானா என்று பார்த்தது, எண்தான், வாங்கிக்கொண்டது, மொழிபெயர்த்தது, ஒரு எழுத்து பிசகாமல் அடுப்படிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அனுப்பியவர் சரி, வாங்கியவர் சரி, நடுவில் இருந்த நீயும் சரி, சோறுதான் இல்லை. ஏழாம் வகுப்பில் விடை சரியாக இருந்தாலும் அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் குறைப்பேன், தெரியுமல்லவா, குறைத்துவிட்டேன்.

பேயாண்டி இலையை மடிக்கக் கை வைத்துவிட்டார். சாப்பிடாமல் மடித்த இலை என்றால் அந்தச் சம்பந்தம் அதோடு சரி, அதைக் கேட்டுத்தான் நீ வளர்ந்தாய். அப்போது மாப்பிள்ளையின் அம்மா ஒச்சம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிப் பக்கம் நடந்தார்கள். சீர் மூட்டையை மண்டபத்தில் அவிழ்ப்பது வழக்கமில்லை என்று யாரோ முணுமுணுத்ததற்கு, "ஏங்கூடப் பெறந்தவன் கொண்டாந்த சீரு, நாஞ் சொல்றேன், அவுத்து விடுங்கடி மூட்டைய" என்றார்கள். எழுமலைப் பெண்கள் ஒரு பக்கம், என் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் பட்டுச்சேலையோடு ஒரு பக்கம், கத்தரிக்காய் பறக்கிறது. குழம்பில் புளி எவ்வளவு என்பதில் இரண்டு தரப்புக்கும் பொது விதிமுறை கிடையாது, அடித்துக்கொண்டார்கள், நன்றாக வந்தது. கிடா மட்டும் தப்பியது, உரிக்க நேரமில்லை.

ஆனால் உலை கொதிக்கிறவரை காத்திருக்க வேண்டுமே, வெறும் இலைக்கு முன்னால் ஒரு ஊரை எப்படி உட்காரவைப்பது? உன் தங்கை மேடையிலிருந்து இறங்கி வந்தாள், கல்யாணச் சேலை, தலையில் பூமுடி, எதையும் கழற்றவில்லை. நேரே போய்ப் பேயாண்டிக்குப் பக்கத்து இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "இலைய மடிச்சிராதீக மாமா. நானும் இன்னும் சாப்பிடல. நானும் இனிமே உங்கூருதான, அந்த மிஷின்ல என்னையவுந்தான் எண்ணாம விட்டுட்டாக" என்றாள். பேயாண்டி அவளைப் பார்த்தார், தன் இலையைப் பார்த்தார். அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது, மீசையிலிருந்து கிளம்பி வயிறுவரை போனது. "அப்ப ரெண்டு பேருமே கணக்குல வராத ஆளுக, உக்காருத்தா, ஒண்ணாவே பசியில கெடப்பம்" என்றார். அந்த ஊர்ச் சனம் முழுக்கச் சிரித்தது, சோறு வருகிறவரை ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. வந்தபிறகு கத்தரிக்காய்க் குழம்பை அவர் மூன்று தடவை வாங்கினார், பிரியாணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் பஸ் கிளம்புகிற நேரத்தில் பேயாண்டி அப்பாவிடம் வந்து, அந்தப் பெட்டி இன்னும் திறந்திருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் முடிந்துவிட்டதே அண்ணே, இப்போது எதற்கு என்றார் அப்பா. "முடிஞ்சதா? கல்யாணம் ஆகிருச்சுல்ல, பய இனிமே தனித் தலைக்கட்டு. கணக்கத் தப்பா விட்டுட்டுப் போகச் சொல்றீகளா" என்று சொல்லி, போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலால் இரண்டை அழித்து மூன்று போட்டு அனுப்பினார். நீ எழுதி வைத்திருந்தபடி திரையில் "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று வந்தது. அதை அவர் பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். டயானா அப்போதுதான் அழுதாள்.

எனவே மகனே, உன் பெட்டியின்மேல் இனி ஆளா தலைக்கட்டா என்று தெளிவாக எழுதி வை, இன்னொரு கல்யாணத்துக்கு அது உதவும், அது யாருடையது என்று நான் சொல்லவேண்டியதில்லை. குளிரில் காதை மூடிக்கொண்டு நட. ஞாயிறு பூசையை விடாதே. ஆண்டவர் உன்னைக் கண்மணிபோல் காப்பார், அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார். முக்கியமாக ஒன்று, பழையதைத் துடைக்கிறேன், சரிபார்க்கிறேன் என்று எதையாவது செய்து அந்த அறுபத்துமூன்றைத் திருத்திவிடாதே. அது அப்படியே இருக்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
அற்புதமேரி