பன்னிரண்டாம் அத்தியாயத்தை வெட்டவில்லை, நானா

என் கூடப்பிறந்த ஆசை நானாவுக்கு,

அல்லாஹ் உங்கட கபுறுக் குழியை வெளிச்சமாக்கி வைக்கட்டும். நீங்க எழுதின துப்பறியும் புத்தகம் வந்தாச்சு நானா. யுத்த காலத்து மட்டக் கடுதாசிதான், ஆனா அட்டையில உங்கட பேர் நல்ல பெரிசா இருக்கு. கற்பிட்டியில வாசிக்கத் தெரிஞ்ச வீடெல்லாம் வாங்கியிருக்காங்க. தெரியாத வீடுகளில ஆரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேக்கிறாங்களாம்.

நல்ல கதைதான், இல்லையெண்டு சொல்லல. உச்சமுனைக் கிராமத்தில கொப்பரா முதலாளி கொலையாகிக் கிடக்கிற இடத்தில எனக்கே நெஞ்சு படபடத்தது. ஆனா அந்தப் பன்னிரண்டாம் அத்தியாயம் இருக்கே! கொழும்பிலிருந்து வாற துப்பறிவாளர், செத்தவர்ட கண்ணை எடுத்து உப்புத்தண்ணியில போட்டு, மின்சாரம் பாய்ச்சி, அவர் கடைசியாப் பார்த்த முகத்தைப் படமா எடுக்கிறாராம். அதுவும் செத்து மூணு நாளைக்குப் பிறகு. உச்சமுனையில மின்சாரம் எங்க நானா இருக்கு?

நீங்க உசிரோட இருக்கக்குள்ளயே கேட்டேன்தானே. மீன் வாங்கப் போனா நாம முதல்ல பார்க்கிறது கண்ணை. பகலாகுமுன்ன அது வெளிறிப் போகுது, அதில எந்தப் படம் நிக்கும்? முதலாளி நம்மட மார்க்கத்து ஆள் வேற. மையித்தை அடக்காம மூணு நாள் வெச்சிருக்க எந்த ஊர்ல விடுவாங்க? அதுக்கு நீங்க தேத்தண்ணியை உறிஞ்சிக்கிட்டு, அது சயன்ஸ், உனக்கு விளங்காது எண்டீங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை.

நீங்க காய்ச்சலில மௌத்தான பிறகு அச்சுக்கூடக்காரர் சொல்லி அனுப்பினார். கடுதாசித் தட்டுப்பாடாம், ஒரு அத்தியாயம் அளவுக்காவது குறைச்சாத்தான் அச்சடிக்க ஏலுமாம். எதைக் குறைக்கிறது எண்டு நான் யோசிக்கவே இல்லை. அந்தக் கண் அத்தியாயத்தை வெட்டிட்டு, கொலைகாரனை அவன் விட்டுட்டுப் போன செருப்பால பிடிக்கிற மாதிரி நானே நாலு வரி எழுதினேன். நல்லாவே வந்தது, சும்மா சொல்லல.

மதினி அப்ப புருசன் மௌத்தானவங்க இருக்கிற இத்தாவில, வெளிய போகாம வீட்டோட இருந்தா. உங்கட பொஞ்சாதிக்குத் தெரியாம வெட்டக்கூடாதே எண்டு பழசையும் புதுசையும் வாசிச்சுக் காட்டினேன். அவ கேட்டுட்டுச் சிரிப்பா எண்டு நினைச்சேன். அவ தைச்சிட்டிருந்த துணியை மடியில வெச்சிட்டு, பழசைத் திரும்ப ஒருக்கா வாசிக்கச் சொன்னா.

"உங்கட நானா கடைசியாப் பார்த்தது என்னையத்தான்," எண்டா. "கண்ணை மூடிவிட்டதும் நான்தான். இது பொய்யெண்டு எனக்கும் தெரியும் புள்ள. ஆனா இருக்கட்டுமே."

ரெண்டு பேருமா இருந்து அழுதோம்.

அந்த அத்தியாயத்தை அப்படியே விட்டுட்டு, அடுத்த நாள் உங்கட நிலாவையெல்லாம் வெட்டினேன் நானா. அத்தியாயத்துக்கு ஒருக்கா ஏறி வந்து பாலைப் பொழிஞ்சிட்டிருந்த நிலா. துப்பறிவாளர் கண்ணாடி முன்னால நிண்டு தன்னையே புகழ்ற இடமும் போச்சு. அச்சுக்கூடக்காரரும் சரியெண்டுட்டார், கதையும் இப்ப வேகமா ஓடுது. கோவிக்காதீங்க.

கடற்கரை மீன் வாடியில ஒரே பகிடி. மீனைத் தூக்கிப் பிடிச்சு, உன்னைக் கொலை செஞ்சவன் ஆரெண்டு அதுட கண்ணைப் பார்த்துக் கேக்கிறாங்களாம். எனக்கும் சிரிப்புத்தான் வருது. மதினியிட்டச் சொன்னேன், அவவும் சிரிச்சா. நல்லா இருக்கிறா, நல்லாச் சாப்பிடுறா, நீங்க கவலைப்பட ஒண்டுமில்லை. நேத்து நான் போகக்குள்ள புத்தகத்தை விரிச்சு வெச்சு வாசிச்சிட்டு இருந்தா. எந்தப் பக்கம் எண்டு நான் எட்டிப் பார்க்கல.

இனி எத்தனை தரம் அச்சடிச்சாலும், நான் இருக்குமட்டும் அந்த அத்தியாயத்தில ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்க. இதெல்லாம் நடக்கிற காரியமா எண்டு கேட்டா, ஓம், பச்சைப் பொய்தான் எண்டு சொல்லுவேன். ஆனா வெட்டமாட்டேன் நானா.

உங்கட கதையில பிழை பிடிக்கிறதை இன்னும் விடாத
ஒரே தங்கச்சி,
கதீஜா