நூற்று ஐம்பத்தாறு பால்குடங்கள்

வத்தேகம
புதன்கிழமை

அன்பு மகள் சுகிர்தாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகமாகவே இருக்கிறோம், அங்கே மெல்பேர்ணில் நீயும் மாப்பிள்ளை இளங்கோவும் பிள்ளையும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மன் துணை நிற்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கண்டியில் பார்த்த டொக்டர் கொடுத்த மருந்து பிடித்துவிட்டது. மழை விட்டபாடில்லை, குசினிக் கூரையில் ஒரு தகடு ஒழுகுகிறது, ஆள் வருவான் வருவான் என்று பார்த்து நானே ஏறப்போகிறேன் என்றதற்கு அம்மா ஏணியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். போன் இருக்கும்போது அப்பாவுக்குக் கடிதம் எழுத என்ன வந்தது என்று நினைப்பாய். ஒன்பது நாளாக நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் வெளியே போய்விட்டேன் என்று அம்மாவைச் சொல்ல வைத்தேன். வீட்டில்தான் இருந்தேன். உன்னோடு பேச எனக்கு முகமில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஆடிப்பூரத்துக்கு நம் அம்மன் கோவிலில் பால்குடம் எடுக்க இந்த வருடம் நூற்று ஐம்பத்தாறு பெண்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். கடைத்தெருவில் பஸ்களுக்கு வழிவிட வேண்டும் என்று பொலிஸில் சொன்னதால், நாலு நாலு பேராக ஆறு வரிசை, அதாவது இருபத்து நாலு பேர் ஒரு கூட்டம், பிறகு இடைவெளி விட்டு அடுத்த கூட்டம் என்று ஏற்பாடு. ஆட்கள் சரியாகப் பிரிவார்களா என்று கோவில் சங்கத்தில் ஒருவர் கேட்க, செயலாளரான நான் கடதாசி இல்லாமலே சொன்னேன். கடைசி இரண்டு இலக்கம் ஐம்பத்தாறு, அது நாலால் வகுபடும், ஆகவே முழு எண்ணும் நாலால் வகுபடும். இரட்டை எண், இலக்கங்களைக் கூட்டினால் பன்னிரண்டு, ஆகவே மூன்றாலும் ஆறாலும் வகுபடும். நாலாலும் ஆறாலும் வகுபடுகிற எண் இருபத்து நாலாலும் வகுபட்டே ஆக வேண்டும், ஒரு ஆள் கூடாது குறையாது என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துப் பாடசாலையை விட்டவன் நான், கண்டி நடைபாதையில் வாங்கிய பழைய கணக்குப் புத்தகத்தை வைத்துத் தனியாகப் படித்தவன். இந்த ஊர்ப் படித்தவர்கள் என்னை எத்தனை தடவை ஓரங்கட்டினார்கள் என்பது உனக்குத் தெரியும், அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது. இரண்டாலும் மூன்றாலும் வகுபட்டால் ஆறால் வகுபடும் என்று புத்தகத்தில் இருந்தது. மூன்றும் நாலும் பன்னிரண்டுக்குச் சரிவந்தது. நாலும் ஆறும் மட்டும் ஏன் சரிவராது என்று நானாகவே நீட்டிக்கொண்டேன். வகுத்துப் பார்க்கவில்லை. விதி தெரிந்தவன் எதற்கு வகுக்க வேண்டும் என்ற திமிர்.

அன்று ஆறு கூட்டம் புறப்பட்டுப் போனபின் பன்னிரண்டு பெண்கள் மிஞ்சி நின்றார்கள். எல்லோரும் தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவான மேற்கணக்கின் லயத்து வீடுகளில் இருக்கும் பெண்கள், வேன் பிந்தியதால் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள். மிஞ்சக் கூடாத இடத்தில் ஆள் மிஞ்சினால் அவர்கள் பெயர் கொடுக்காமல் வந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவர்களில் முன்னால் நின்ற ரத்தினம்மா, சங்கத்தில் பெயர் பதியும் ஜெயராணியிடம் போன மாதமே பெயர் கொடுத்தோம் என்று தன்மையாகத்தான் சொன்னாள். பெயர்ப்பட்டியலோடு ஜெயராணி ஊர்வலத்தின் முன்வரிசையில் போய்விட்டிருந்தாள். நான் காத்திருக்கவில்லை. தெருவில் அத்தனை பேர் பார்க்க, தோட்டத்து ஆட்களுக்கு எதிலும் ஒரு ஒழுங்கு கிடையாது என்று சொல்லி அவர்களை ஓரமாக நிற்க வைத்தேன். லயத்துக் காம்பராவில் பிறந்த என் வாயால் அதைச் சொன்னேன் மகள். தலையில் ஏற்றிய குடத்தைக் கோவிலுக்குப் போகாமல் தரையில் வைக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். அவர்கள் வைக்கவில்லை, ஒன்றரை மணித்தியாலம் அப்படியே நின்றார்கள். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்க, மடவளை நபீல் தன் புடவைக்கடைப் படங்குத் துணியை வெளியே இழுத்துக் கட்டி அவர்களுக்கு நிழல் கொடுத்தார், அந்த மனிதருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் பால் திரிந்து, குடங்களை மடியில் வைத்துக்கொண்டு வேனில் திரும்பிப் போனார்கள்.

அன்று மாலைதான் நான் உனக்குப் போன் எடுத்து, பெயர் கொடுக்காமல் நுழைந்தவர்களைக் கணக்கை வைத்தே பிடித்தேன் என்று பெருமையடித்தேன். நீ, அப்பா, பன்னிரண்டை எடுத்துப் பாருங்க, நாலாலயும் போகும் ஆறாலயும் போகும், இருபத்து நாலால போகுமா என்று கேட்டாய். நான் போனைத் துண்டித்தேன். சிக்னல் போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னது பொய். மறுநாள் ஜெயராணி பட்டியலோடு வந்தாள், கடைசிப் பக்கத்தில், ஊர்வலத்தில் போனதாக அடையாளம் போடாத பெயர்கள் பன்னிரண்டு. அப்போதும் நான் விடவில்லை, அவள்தான் பிறகு எழுதிச் சேர்த்தாள் என்று சண்டை பிடித்தேன், அந்தப் பிள்ளை கண்கலங்கிப் போனாள். பிறகு இங்கே கணிதம் படிப்பிக்கும் லோஜினி டீச்சரிடம் போனேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, சிரிக்காமல் சொன்னாள். “ஐயா, நாலுக்குள்ளயும் ஒரு ரெண்டு இருக்கு, ஆறுக்குள்ளயும் ஒரு ரெண்டு இருக்கு. அந்த ஒரே ரெண்டை நீங்கள் ரெண்டு தரம் எண்ணிப்போட்டியள்.” இருபத்து நாலுக்கு மூன்றாலும் எட்டாலும் பார்க்க வேண்டுமாம், அந்த இரண்டையும் பொதுவாக வகுக்கும் எண் ஒன்றைத் தவிர வேறு இல்லையாம். நூற்று ஐம்பத்தாறு எட்டால் வகுபடாது. வீட்டுக்கு வந்து கலண்டர்த் தாளின் பின்பக்கம் முழுக்க எழுதிப் பார்த்தேன், பன்னிரண்டு, முப்பத்தாறு, அறுபது, எண்பத்து நாலு, எல்லாம் என் விதியைப் பொய்யாக்கின. சின்னப் பிள்ளை கண்டுபிடிக்கும் பிழை. புத்தகத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம்தான், அதில் ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம்.

நேற்று ஓட்டோ பிடித்து மேற்கணக்குக்குப் போனேன். ரத்தினம்மா கணவனின் கண் ஒப்பரேஷனுக்காக நேர்ந்த குடம் அது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அவர் கண்ணில் கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் கலண்டர்த் தாளை விரித்து நாலு, ஆறு என்று விளக்கத் தொடங்கினேன், கணக்கில் பிழை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவள் தாளைப் பார்க்கவே இல்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பிறகு கேட்டாள். “கணக்கு தப்புன்னு வந்திருக்கீங்க, சரி. கணக்கு சரியா இருந்து, நாங்க பேரு குடுக்காமயே வந்திருந்தா, எங்கள அப்படிப் பேசினதுக்கு வந்திருப்பீங்களாய்யா?” நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேரும் மறுபடி குடம் எடுக்கிறார்கள், மேளம் இல்லை, ஊர்வலம் இல்லை. வரலாமா என்று கேட்டேன். “வாங்க, ஆனா முன்னால நின்னு வரிசை போட வேணாம், பின்னால வாங்க” என்றாள். சங்கத்தில் சிலர் செயலாளர் பதவியை விட்டுவிடச் சொல்கிறார்கள், அதை விடமாட்டேன், பிழை விட்டவன் அந்த இடத்திலேயே நின்று முகத்தைக் காட்டட்டும்.

அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. வந்திருக்க மாட்டேன் என்பதுதான் பதில். கணக்கு மட்டும் சரியாக இருந்திருந்தால் அந்தப் பன்னிரண்டு பேரையும் அவமானப்படுத்திவிட்டு இன்றுவரை பெருமையோடு நடந்திருப்பேன். வெள்ளிக்கிழமை கோவில் வாசலில், எல்லோருக்கும் முன்னால், இதை அவளிடம் என் வாயால் சொல்ல வேண்டும். நான் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும், அங்கே போனதும் வேறு எதையாவது பேசிச் சமாளித்துவிடுவேன். அதற்காகத்தான் முதலில் உனக்கு எழுதுகிறேன். நாளைக் காலை இதைத் தபாலில் போட்டுவிடுவேன். போட்ட கடிதத்தை யாராலும் திரும்ப வாங்க முடியாது, ஆகவே வெள்ளிக்கிழமை எனக்குத் தப்ப வழி இல்லை.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் ஒற்றுமையாக, மனம் நிறைந்து வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். குளிர் நாளில் ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே, இதை அம்மா இரண்டு தடவை எழுதச் சொன்னாள். கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, இந்தத் தடவை போனை நானே எடுப்பேன்.

உன்னிடம் பிழை விட்ட அப்பா,
ராஜலிங்கம்